மைக்கில் போன வார்த்தை

வளவனுக்கு நாற்பத்திரண்டு வயது. நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் இடையில் டவுன் பஸ் நின்று போகும் ஒரு ஊரில் மைக் செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கபடிப் போட்டி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். செட்டைக் கட்டிவிட்டு ஒதுங்கி உட்காருகிற ஆள் இல்லை. அறிவிப்பும் அவன் குரலில்தான் போகும்.

அந்தக் குரலுக்கு ஒரு பேர் இருந்தது. யார் பெயரைச் சொன்னாலும் 'அவர்கள்' போட்டுத்தான் சொல்வான். காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடி வருகிறவளைக்கூட "அஞ்சலை அவர்களின் ஆட்டுக்குட்டி" என்றுதான் அறிவிப்பான். கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனுக்கு அது விளையாட்டு இல்லை.

அவன் அப்பா காத்தானும் அம்மா ராசம்மாளும் கூலிக்கு நடவும் அறுப்புமாகக் காலம் தள்ளியவர்கள். வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள் ராசம்மாளை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் ஓரமாக வந்து நிற்கும் வளவனுக்குத் தெரியும். அவள் நிமிராமல் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே இருப்பாள். பின்னால் அவன் வளர்ந்து, ஒரு பழைய ஆம்ப்ளிபயரை வாங்கி, கோயில் திருவிழாவில் முதன்முதலாக மைக்கைப் பிடித்து "நமது தெருவைச் சேர்ந்த காத்தான் அவர்கள்" என்றபோது தெருவே சிரித்தது. காத்தான் மட்டும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவர் போய்ப் பதினொரு வருஷமாகிறது. ராசம்மாள் அவருக்கு முன்பே போய்விட்டாள்.

வளவனின் மனைவி மலர்க்கொடி உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளர். ஒரே மகள் செம்மொழி அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அவளுக்குக் கபடி என்றால் உயிர். சுவரில் ஒட்டியிருந்த படம் சூர்யபிரகாஷுடையது. பக்கத்து ஊர்க்காரன், இருபத்துநாலு வயது, டிவியில் வருகிற கபடி லீக்கில் ஆடுகிறான். அவன் தொடையைத் தட்டுகிற மாதிரியே தட்டிக்கொண்டுதான் செம்மொழி குளிக்கப் போவாள், சாப்பிட உட்காருவாள். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான்.

அந்த வருஷம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு ஊரில் கபடிப் போட்டி வைத்தார்கள். அறுத்து மிஞ்சிய தாளை நீக்கிச் சமப்படுத்திய வயலில் மைதானம். விழாக் கமிட்டித் தலைவர் ராஜராஜன், அலைந்து திரிந்து சூர்யபிரகாஷையே உள்ளூர் அணிக்கு ஆடக் கூட்டிவந்துவிட்டார். போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வயல் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செம்மொழி மைக் மேஜைக்குப் பக்கத்தில், அப்பாவின் காலடியில்.

நடுவர் பஞ்சநதம். நீடாமங்கலம் ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். விசிலை வாயில் வைத்தால் சொந்தத் தம்பி என்றும் பார்க்க மாட்டார். கடைசி நிமிஷம், இரண்டு அணியும் சமம். சூர்யபிரகாஷ் ரைடு போனான். எதிராளி யாரையும் தொடுவதற்கு முன்பே அவன் இடது கால் ஓரக் கோட்டைத் தாண்டி, யாரையாவது தொடும்வரை மிதிக்கக் கூடாத லாபியில் பட்டது. பஞ்சநதம் விசில் அடித்துக் கையைத் தூக்கினார். அவுட். அந்த ஒரு புள்ளியில் ஆட்டம் போயிற்று.

சூர்யபிரகாஷ் நேராக மைக் மேஜைக்கு வந்தான். வேர்வை சொட்ட வளவன் தோளில் ஒரு கையைப் போட்டு, மறுகையால் மைக்கை எடுத்தான். ஏதோ பேசப் போகிறான் என்று கூட்டம் அடங்கியது. அவன் பஞ்சநதத்தைப் பார்த்து, அவர் தாயைச் சேர்த்து, அந்த வார்த்தையைச் சொன்னான். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை. தென்னை மரத்தில் கட்டியிருந்த நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அது போயிற்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வளவன் விரல் ஆம்ப்ளிபயர் திருகின் மேல்தான் இருந்தது. ஒரு சுற்றுத் திருகினால் சத்தம் நின்றுபோயிருக்கும். முதல் தடவை திகைப்பில் விட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் சாக்கு இல்லை. கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது. டிவியில் பார்த்த கை அவன் தோளில் இருந்தது. அந்தக் கையை விட்டுவிட அவனுக்கும் மனசு வரவில்லை. இதை அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை மதியம் மலர்க்கொடி சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தட்டை நீட்டியது. முட்டை உடைந்திருந்தது. "அடுத்தது நல்லதா தர்றேன் கண்ணு, இன்னிக்கு இதைச் சாப்பிடு" என்றாள். அது தொடையைத் தட்டிவிட்டு, சூர்யபிரகாஷ் சொன்ன அதே இழுவையோடு, அவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிற்று. வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். கோபத்தில் சொன்னதாகக்கூட இல்லை. அழகாகச் செய்து காட்டியதுபோல நின்றது.

வீட்டுக்கு வந்து மலர்க்கொடி கைகால் கழுவினாள். பிறகு சொன்னாள். "என்னங்க, எட்டு வயசு இருக்கும். அதுக்கு அர்த்தம் தெரியாது. ஆனா எனக்குத் தெரியுதே."

மறுநாள் தலைமையாசிரியை கலைமகள் பிரார்த்தனைக் கூட்டத்தில் கண்டித்தார். ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், சூர்யா அண்ணன் மைக்கிலயே சொன்னாரே" என்றது. அவர் எல்லாரையும் வகுப்புக்கு அனுப்பினார். வளவனிடம் அதைச் சொல்லும்போது, "அவரை எதிர்த்து நான் பேசினா என்னைத்தான் சார் பிள்ளைங்க கெட்டவளா பார்க்குதுங்க" என்றார்.

வளவன் ராஜராஜன் வீட்டுக்குப் போனான். அங்கே கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"அண்ணே, அவரு பள்ளிக்கூடத்துக்கு வந்து, தப்புன்னு ஒரு வார்த்தை பிள்ளைங்ககிட்ட சொல்லணும்."

ராஜராஜன் சிரித்தார். "வளவா, வலங்கைமான் பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னா இதைவிட நூறு வார்த்தை காதுல விழும். ஆட்டச் சூட்டுல வந்தது. அதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு."

"பஸ் ஸ்டாண்டுல குடிச்சவன் சொல்றதைக் கேட்டுப் பிள்ளைங்க ஒதுங்கிப் போவுதுண்ணே. இவரு சொன்னா எடுத்துக்கிட்டுப் போவுது. குடிகாரன் படத்தை எந்தப் பிள்ளை வீட்டுல ஒட்டி வெச்சிருக்கு?"

சிங்காரவேலு என்கிற கமிட்டி ஆள்தான் வாயைத் திறந்தார். "அவ்வளவு அக்கறைன்னா நீ அப்பவே மைக்கை ஆஃப் பண்ணியிருக்கலாமேப்பா."

வளவன் எழுந்து வந்துவிட்டான்.

பஞ்சநதம் வீட்டுக்கு அவன் போனது அதற்கப்புறம். அவர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வா வளவா" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனான்; அதற்குள் அவரே பேசினார். "எங்கம்மா செத்து இருபது வருஷம் ஆவுது. அதை ஏன்யா இழுத்தான்? நான் அவுட்டுதானே குடுத்தேன்." செருப்பைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "பேரப்பிள்ளைங்க அதை வீடியோவுல பாத்துட்டு, தாத்தா நீங்க டிவி ஆளுகூட ஃபேமஸ் ஆயிட்டீங்கன்னு சொல்லுதுங்க. சந்தோஷமா சொல்லுதுங்க." அதன் பிறகு அவர் எந்த மைதானத்துக்கும் விசில் எடுத்துப் போகவில்லை. திருவாரூரில் மாவட்டப் போட்டிக்குக் கூப்பிட்டபோது மூட்டு வலி என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் வளவன் சூர்யபிரகாஷையே போய்ப் பார்த்தான். திமிர் பிடித்தவனாக இருப்பான் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டு போனவனுக்கு ஏமாற்றம். பிள்ளையாண்டான் எழுந்து நாற்காலி போட்டான். உள்ளே பார்த்துக் காபி சொன்னான். வளவன் விஷயத்தைச் சொல்ல, அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை.

"மூணு தடவையாண்ணே சொன்னேன்?"

"மூணு தடவை."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. பன்னெண்டு வயசுல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போனேன். விடிஞ்சா பொழுதுபோனா இந்த வார்த்தையாலதான் என்னைக் கூப்பிடுவாங்க. இதைச் சொல்லித்தான் ஓட வெச்சாங்க, இதைச் சொல்லித்தான் எழுப்பினாங்க. மொத மாசம் அழுதேன். அப்புறம் காதுல விழறதே இல்ல." பிறகு, "வர்றேண்ணே. பிள்ளைங்கதானே, வந்து சொல்லிடறேன்" என்றான். வளவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம், ஒருவேளை எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான்.

சொன்ன சொல் தவறாமல் வெள்ளிக்கிழமை காலை சூர்யபிரகாஷ் வந்தான். வளவன் கூலி வாங்காமல் மைக் கட்டியிருந்தான். பிள்ளைகள் ஓவென்று கத்தியதில் கார் கேட்டைத் தாண்டவே பத்து நிமிஷம் ஆயிற்று. கமிட்டிக்காரர்கள் சால்வை போட்டார்கள். அவனோடு வந்த நண்பன் போனை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினான்.

"தம்பி தங்கச்சிங்களா, அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்று ஆரம்பித்தான். நன்றாகத்தான் ஆரம்பித்தான். "நல்லா விளையாடறவங்க நல்லாவும் பேசணும். அந்த மாதிரி வார்த்தையை யாரும்..."

"அண்ணே, எந்த வார்த்தை? ஒரு தடவை சொல்லுங்கண்ணே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பள்ளிக்கூடமே சிரித்தது. சூர்யபிரகாஷ் சிரிப்பை அடக்கப் பார்த்தான். வாயைப் பொத்தினான். தோள் குலுங்கிற்று. பிறகு மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். பிள்ளைகள் தொடையைத் தட்டிக்கொண்டு சேர்ந்து அந்த வார்த்தையைக் கத்த ஆரம்பித்தார்கள். ஆசிரியர்களில் இரண்டு பேர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். கலைமகள் மேஜையைத் தட்டியது யார் காதிலும் விழவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கரண்டியோடு நின்ற மலர்க்கொடி உள்ளே போய்விட்டாள்.

அந்த வீடியோ முதல் வீடியோவைவிட அதிகம் சுற்றியது. வார்த்தை வருகிற இடத்தில் சேவல் கூவுகிற சத்தத்தைப் போட்டிருந்தார்கள். அப்புறம் ஊரில் எந்தப் பிள்ளை சேவல் மாதிரிக் கூவினாலும் எல்லாருக்கும் புரிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, மலர்க்கொடி செம்மொழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சிக்கு விழுந்திருந்தது. சீப்பு இழுத்ததில் வலித்திருக்கும். செம்மொழி திரும்பிப் பாராமலே, வலிக்கு ஐயோ என்பதுபோல, அம்மாவை அந்த வார்த்தை சொன்னாள்.

மலர்க்கொடி அடிக்கவில்லை. சீப்பைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பக்கப் பின்னல் பாதியில் அவிழ்ந்து தொங்கியது.

"என்னம்மா?" என்றாள் செம்மொழி. அம்மா முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "எல்லாரும் சொல்றதுதானேம்மா? சூர்யா அண்ணன் நம்ம அப்பா மைக்கிலதானே சொன்னாரு?"

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த வளவன் அதைக் கேட்டான். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன, அது அம்மாவை என்னவென்று சொல்கிறது, யார் யாரையெல்லாம் அதைச் சொல்லி இந்த ஊர் வேலை வாங்கியது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தான். அவளுக்குப் பத்து வயது. அர்த்தம் சொன்னால் அந்த அசிங்கத்தை அவனே அவள் தலைக்குள் ஏற்றுவதாக ஆகும். சொல்லாவிட்டால் அவள் தெரியாமலே சொல்லிக்கொண்டிருப்பாள். "இனிமே சொல்லாதேம்மா" என்று மட்டும் சொன்னான். அவள் சரியென்று தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த மாசம் வேறு ஊரில் கபடிப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். போனான், தொழில் அதுதான். ஆட்டத்துக்கு முன்னால், "சிறு பிள்ளைகள் அமர்ந்திருப்பதால் வீரர்கள் அனைவரும் கண்ணியமாகப் பேசுமாறு" என்று தொடங்கினான். முடிப்பதற்குள் கூட்டத்தில் யாரோ சேவல் கூவினார்கள். பத்துப் பேர், இருபது பேர் என்று மைதானம் முழுக்கக் கூவிற்று. அன்றைக்கு மிச்ச நேரம் புள்ளிகளை மட்டும் படித்தான்.

மலர்க்கொடி எழுதிப் போட்டு, ஒன்றியத்துக்குள்ளேயே நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கினாள். இரண்டு பஸ் மாறவேண்டும். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பவேண்டும். பரவாயில்லை என்றாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது, புதுப் பிள்ளைகள், புது வரிசை.

முதல் நாள் அவள் திரும்பி வரும்போது வளவன் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தான். அவள் இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"எப்படி இருக்கு பிள்ளைங்க?"

"நல்ல பிள்ளைங்கதான்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அதுங்களும் அந்த வீடியோவைப் பாத்திருக்குங்க" என்றாள்.