சக்கராசனத்தில் எடுத்த போட்டோ

செலியமேட்டில் நான் படித்த பள்ளியின் வராந்தாவில், காலை ஒன்பது மணிக்கே சிமெண்டுத் தரை உள்ளங்கையைச் சுடும். அந்தச் சூட்டில் கையை ஊன்றி, வயிறு மேலே பார்க்க, பின்பக்கமாக வளைந்து நிற்கும்போது ரத்தமெல்லாம் முகத்துக்கு இறங்கிக் காது அடைத்துக்கொள்ளும். அப்படி ஒரு காலையில்தான் பி.டி. டீச்சர், "இன்னா ஃப்ளெக்சிபிளா இருக்கடி நீ!" என்றார். வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் "ரப்பரு"; தாய்மாமனுக்குக் "கூத்தாடி". ஏழாம் வகுப்பில் என்னைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அந்த இங்கிலீஷ் வார்த்தைதான். அகராதியில் தேடி, "வளையக்கூடிய" என்று மட்டும் போட்டிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துகூடப் போனேன்.

பாண்டிச்சேரியில் நடக்கவிருந்த யோகாப் போட்டிக்கு டீச்சர் என் பெயரைக் கொடுத்தார். விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக, பாகூரில் ஒரு ஸ்டூடியோவில் சக்கராசனம் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டேன். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வயதுக்கு வந்தேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பெற்றவள் ஆயிற்றே என்று நம்பி, நானே அம்மாவிடம் போய், "துணி மட்டும் குடும்மா, போட்டிக்குப் போயிட்டு வந்து உக்காந்துக்கறேன்" என்று கெஞ்சினேன். அம்மா நேரே வெளியே போய், அபிஷேகப்பாக்கத்திலிருந்த தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். சாயங்காலத்துக்குள் மாமன் வந்து தென்னங்கீற்றில் குச்சு கட்ட, என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள்.

போட்டியன்று டீச்சர் வேனோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "வயசுக்கு வந்த பொண்ண நாலு பேர் எதிர்ல வளைய வுடச் சொல்றீங்களா டீச்சர்?" என்று மாமன் கேட்டார். அம்மா அடுப்படியை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேன் கிளம்பிப் போகும் சத்தத்தைக் குச்சுக்குள்ளிருந்து கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மஞ்சள் நீராட்டுக்கு மாமன் பெரிய பேனர் அடித்தார். என்னுடையதென்று வீட்டில் இருந்தது அந்த ஒரு போட்டோதான். பேனர்காரன் என் தலையை மட்டும் வெட்டி, நிமிர்த்தி, யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டியிருந்தான். தலைகீழாக நின்றதில் ரத்தம் ஏறியிருந்த முகத்தைப் பார்த்து, "வெக்கத்துல எப்டி செவந்துட்சு பாரு" என்று வந்த பெண்கள் சிரித்தார்கள்.

இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சேர்ந்த அன்று, "எந்த ஷிப்டுன்னாலும் ஃப்ளெக்சிபிளா இருப்பீங்களா?" என்று கேட்டார்கள், இருப்பேன் என்றேன். வருடக்கணக்கில் நின்றே வேலை பார்த்ததில், கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்க இன்று இன்னொருவர் வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் குச்சு கட்டும் வழக்கமும் போய்விட்டது. மாமனின் பேத்தி வயதுக்கு வந்த நான்காம் நாளே ஸ்கூலுக்குப் போனாள். பரீட்சையாம், மாமனே வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று, "அன்னிக்கு நீ எங்கிட்ட சொல்லாமயே போயிருக்கலாம்லடி? யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

தேய்த்தது போதும், கையை எடு என்றேன்.