ஊமைக் கட்டைகள் இரண்டு

எங்கள் மாதா கோயில் பியானோவுக்குள் எந்நேரமும் ஒரு மின்குமிழ் எரியும். துறைமுகத்தடியில் பியானோ வைத்திருந்தால் அந்தச் சூடு இல்லாமல் ஏலாது, கடற்காற்று கம்பியைத் தின்றுவிடும். மின்வெட்டுக் காலத்தில் குமிழ் அணைந்து அணைந்து கடைசியில் எரிந்துபோனது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் அதை மாற்ற ஒருவருக்கும் ஞாபகமில்லை. நடுவில் இரண்டு கட்டைகளின் கம்பிகள் துருவேறி அறுந்தன. அழுத்தினால் டொக் என்று மரச்சத்தம் மட்டும் வரும்.

நான் கொழும்பை விட்டு ஊருக்கு வந்தபோது பியானோ அந்த நிலையில்தான் இருந்தது. இந்த ஊரில் நான் இன்னும் 'பியானோப் பிள்ளை'. கால் பெடலுக்கு எட்டாத வயதில் மேடையேறியவள். வளர்ந்து, மேடையை விட்டுவிட்டு, சொந்தமாக இசை எழுதுகிறேன் என்று சொன்னால் சனத்துக்குப் பிடிபடாது. பாடகர் குழுவை நடத்துகிற அன்ரி ஒருநாள் கேட்டா:

"எழுதுறதெண்டா, கவிதையோ?"

"இல்லை அன்ரி, இசை."

"அதுதான் ஏற்கனவே கனக்க இருக்கே, மகள்."

அப்பா துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்தவர். பியானோச் சோதனைகளுக்கு என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், மண்டபத்துக்கு வெளியே நின்றபடியே காத்திருப்பார். நான் மேடையை விட்டபோது ஏசவில்லை. நான் வாசிக்கக் கேட்பதை விட்டுவிட்டார், அவ்வளவுதான். நான் எழுதிய ஒன்றையாவது அவரை உட்கார்த்தி முழுக்கக் கேட்க வைக்க முன்னம் அவர் போய்விட்டார்.

அதனால்தான் அவர் இல்லாத முதலாவது மரித்தோர் திருநாளுக்கு, பூசையில் வாசிக்க அவருக்கென்று ஒன்றை எழுதினேன். அந்தப் பியானோவுக்காகவே எழுதினேன். மெட்டு மெல்ல ஏறும், போய்ச்சேர வேண்டிய இடத்தில் டொக். திரும்ப வேறு வழியால் ஏறும், திரும்பவும் டொக். மழை தொடங்கியிருந்த பின்னேரங்களில் ஆளில்லாத கோயிலில் இருந்து, அந்த இரண்டு கட்டைகளையும் எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் பொறுத்து அழுத்துவது என்று பழகினேன். ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. கேட்டாலே விளங்கும் என்று நினைத்தேன்.

திருநாளன்று பூசைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போனேன். அன்ரி என் கையைப் பிடித்துப் பியானோவின் முன் கதிரையில் இருத்தினா. பாடகர் குழு முழுக்கச் சுற்றி நின்று சிரித்தது.

"அந்த ரெண்டையும் அமத்திப் பாருங்கோ."

அழுத்தினேன். இரண்டும் மணி மாதிரி ஒலித்தன.

"நீங்கள் சத்தம் வராத கட்டையையே திருப்பித் திருப்பிக் குத்திக்கொண்டிருந்தது கேக்க எங்களுக்கு நெஞ்சு பொறுக்கேல்லை, மகள். பாவம் பிள்ளை, திருத்தித் தாங்கோ எண்டு ஒரு சொல்லுக் கேக்கவுமில்லை."

பின்வரிசையில் பாடுகிற மாமா சொன்னார்: "கொழும்பில இருந்து ஆளைக் கூப்பிட்டுச் செய்விச்சது. வந்தவன் மூடியைத் திறந்துபோட்டு, இதென்ன கருவாடு வைக்கிற அலுமாரியோ எண்டு கேட்டவன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பூசையில் வாசித்தேன். முதல்முறை அந்த இடம் வந்தபோது விரலை அழுத்தாமல் தூக்கிப் பார்த்தேன். அன்ரியின் முகம் சடாரென்று வாடியது, திரும்பப் பழுதாகிவிட்டது என்று நினைத்திருப்பா. தவிர, ஒன்றும் கேளாத இடம் வேறு, டொக் வேறு. அடுத்தமுறை அழுத்தினேன். மெட்டு போகவேண்டிய இடத்துக்கு நேரே போய்ச்சேர்ந்தது. எங்கேயும் கேட்கக்கூடிய, கொஞ்சம் சோகமான, அழகான பாட்டு. முன்வரிசையில் இருந்தவர்கள் அழுதார்கள்.

பிறகு எல்லாரும் சேமக்காலைக்குப் போனோம். தூறலில் அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி நின்று எரியவில்லை. அம்மா குடையைச் சரித்துப் பிடித்தபடி சொன்னா: "நீ எழுதினதுகளில அவருக்கு இதுதான் பிடிச்சிருக்கும். ஒண்டும் குறையேல்லை."

அம்மா பிழையாகச் சொல்லவில்லை. அவருக்கு இதுதான் பிடித்திருக்கும்.

அன்ரி பின்னால் வந்து, நத்தாருக்கு, பாலன் பிறப்புப் பூசையிலும் இதையே வாசிக்கச் சொன்னா. ஓம் என்றேன். டொக் விழுகிற மற்றதை நான் பதிவுசெய்து வைத்திருக்கவில்லை. மனதுக்குள் வாசித்துப் பார்த்தாலும் இப்போது அந்த இரண்டு கட்டைகளும் ஒலிக்கின்றன.