ஜபார் காக்கா பேசாத இரண்டரைப் பக்கம்

போன மாதம் கிண்ணியாவில் எனக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். நான் எழுதியது, தயாரித்தது, இயக்கியது என்று தொலைக்காட்சி நாடகங்களின் பட்டியலை வாசித்த அறிவிப்பாளருக்கே மூச்சு வாங்கியது. பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்க எனக்கு இனித்தது. அந்த நேரம் பார்த்துச் சந்தைப் பக்கமிருந்து கருவாட்டு வாசம் மண்டபத்துக்குள் வந்தது. முன்வரிசையில் ஒருவர் மூக்கைப் பொத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னாடைக்கு உருகுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் நினைத்தது கருவாட்டு வியாபாரி ஜபார் காக்காவை.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். பகலில் கப்பல் சாமான்களின் விபரம் எழுதுவேன், மிச்ச நேரமெல்லாம் வானொலி நாடகம். அதில் நான் ஒரு சூரன் என்று எனக்கு நினைப்பு. வானொலியில் கேட்பவருக்குக் கண் இல்லை, எல்லாவற்றையும் வாயால்தான் காட்ட வேண்டும். 'இந்தா கதவு திறக்குது', 'ஐயோ, கையில என்ன கத்தி?' என்று பன்னிரண்டு வருடம் எழுதி எழுதி, வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தால், 'இந்தா தேத்தண்ணியோட வாறாய்' என்பேன். அவள் முறைப்பாள். இன்னொரு கூத்தும் உண்டு. கந்தோர் ஜன்னலைத் திறந்தால் கடல், ஆனால் நாடகத்துக்குக் கடல் வேண்டுமென்றால் ஒரு பேசின் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றிக் கையால் அலசுவோம்.

எண்பதுகளின் தொடக்கம், தொலைக்காட்சி வந்த புதிது. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட ஊரிலேயே ஒண்டை எடுங்கோ. ஒரு கமரா, ஒரு நாள். சரிவந்தால் மாதம் ஒரு நாடகம் உங்களுக்கு. சரிவராட்டில் கந்தோர் வேலையை விட்டுப்போடாதையுங்கோ."

கால் நிலத்தில் படாமல் ஊர் வந்து சேர்ந்தேன். கதையைக் கிண்ணியாத் துறையில் வைத்தேன். அங்கே பாதை என்றால் வீதி இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை அது. மகன் கடலில் மூழ்கிப் போய்விட்டான் என்ற செய்தியைச் சுமந்து அந்தப் பாதையில் ஒரு மனிதன் வருகிறான். கரையில் தாய் நிற்கிறாள். தாயாக நடித்தவர் பள்ளிக்கூடத்துப் புஷ்பம் ரீச்சர். செய்தியோடு வருபவர் ஜபார் காக்கா; அங்கே காக்கா என்றால் அண்ணன். அவர் கருவாட்டுக்கு விலை கூறினாலே நாலு பேர் நின்று கேட்பார்கள், அப்படிக் குரல். நான் கைக்கடிகாரத்தோடு பாதையில் போய்வந்து நேரம் பார்த்து, கடக்கும் நேரத்துக்குச் சரியாக அவருக்கு இரண்டரைப் பக்க வசனம் எழுதினேன். 'அந்தா தெரியுது துறை. கரையில நிற்கிறது செல்லம்மா. நீலச் சீலை. கையில குடை. இன்னும் அவளுக்குத் தெரியாது...' என்று தொடங்கும்.

படப்பிடிப்பு நாள் காலையில் காக்கா ஒரு தரம் பேசிப் பார்த்தார். துறையடியில் நின்ற சனம் கைதட்டியது. கமராக்காரர் பியதாச மட்டும் தலையைத் தூக்கி, இந்த மனுசன் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் பெருமையோடு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வரி வரியாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அரைத் தமிழில் சொன்னார்:

"மாத்தயா, அது எல்லாம் தெரியுதுதானே. எனக்குக் கண் இருக்கு."

என்னைக் கமராவுக்குள் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கரை, ரீச்சர், நீலச் சீலை, குடை. காது கேளாதவனுக்கும் விளங்கும். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே சிவப்புப் பேனையால் இரண்டரைப் பக்கத்தையும் வெட்டினேன்.

வெட்டியதும் காக்கா போய் ஒரு சாக்கு மூட்டையில் குந்திவிட்டார். ஆறு கிழமை கருவாட்டைப் புரட்டிப் புரட்டிப் பாடமாக்கிய வசனம் அது. அவர் பேசுவதைக் கேட்க வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். பின்னேரம் கமரா வான் கொழும்புக்குத் திரும்பிவிடும். காக்கா எழும்பாவிட்டால் நாடகமும் இல்லை, நானும் சாகும்வரை கந்தோர்தான். நான் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"தம்பி, நான் வாய் திறக்காம நிண்டா எண்ட ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்றார்.

"ஒரு சொல்லையும் விடவேண்டாம் காக்கா. முழுக்கச் சொல்லுங்கோ. உள்ளுக்க சொல்லுங்கோ."

"முழுக்கவா?"

"ஓம், முழுக்க."

உண்மையில் அவரை எழுப்புவதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அவர் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். பாதை புறப்பட்டது. வாயை மூடிக்கொண்டு இரண்டரைப் பக்கத்தையும் அந்த மனிதர் முகத்தால் சொல்லி முடித்தார். பியதாச வெற்றிலை சப்புவதை நிறுத்திவிட்டார். பாதை கரையில் முட்டவும் காக்கா ஒரு பெருமூச்சு விடவும் சரியாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த ரீச்சரின் கையிலிருந்து குடை விழுந்தது. அது நான் எழுதாதது. நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான், மறந்துபோய் நின்றேன்.

ஒளிபரப்பான அன்று திருகோணமலை ரவுணில் தொலைக்காட்சி இருந்த ஒரு கடைக்கு முன்னால் வீதி நிறையச் சனம். அந்தக் காட்சி வந்ததும் ஒருவரும் பேசவில்லை. கவிழ்ந்தோம் என்று நினைத்தேன். முடிந்த பிறகு காக்காவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இவர் இவ்வளவு நேரம் பேசாம இருந்ததை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

வீதியே சிரித்தது. காக்கா ராசா மாதிரி நின்றார்.

மறுநாள் கந்தோருக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. மாதம் ஒரு நாடகம்! அதற்குப் பிறகு நான் நின்றதே இல்லை. பஸ்ஸில் எழுதினேன், கலியாணப் பந்தலில் எழுதினேன். நடிகர் வராத ஒரு நாள் பிணமாகவும் படுத்தேன், நல்லாய்ச் செய்ததாகச் சொன்னார்கள். எந்தப் பிரதியையும் எழுதி முடித்ததும் பியதாசவின் கண்ணால் ஒருமுறை வாசித்து வெட்டுவேன். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

அந்த முதல் நாடகம் இப்போது இல்லை. அந்தக் காலத்தில் ஒளிநாடாவுக்குத் தட்டுப்பாடு, பழையதன் மேலேயே புதியதைப் பதிவார்கள். அதன் மேல் பதிந்தது என்னுடைய இரண்டாவது நாடகம். அடுத்ததைச் செய்கிற சந்தோசத்தில் நானே எடுத்துக் கொடுத்தேன். காக்காவும் போய்விட்டார், ரீச்சரும் போய்விட்டார். பாதையும் இல்லை, பாலம் வந்துவிட்டது.

விழா முடிந்து பொன்னாடையோடு பஸ்ஸில் திரும்பினேன். பாலத்தில் ஏறியதும் காக்கா செய்த மாதிரி வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் தொடங்கினேன். அந்தா தெரியுது துறை. கரையில நிற்கிறது செல்லம்மா. நீலச் சீலை...

குடைக்கு வருவதற்குள் பஸ் அக்கரை சேர்ந்துவிட்டது.