சார் துடைத்த பிரபஞ்சம்

எங்கள் ஊர் ராயபுரத்தில், நான் மாட்டிப் பார்த்து முடியாமல் விட்ட வண்டிச் செயினை மாட்டிய மெக்கானிக், கிரீஸ் கையைப் பனியன் வேஸ்ட்டில், கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியில், துடைத்தார். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சமாம் வருஷம். ஏழாம் வகுப்பு, அறிவியல் கண்காட்சி. அம்மா பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணியில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளிகள் வைத்திருந்தேன். இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளிகளையும் விட்டு விலகும். பிரபஞ்சம் இப்படித்தான் விரிகிறது, அதற்கு நடு என்று ஒன்று கிடையாது என்று சொல்ல ஒரு வாரம் பழகியிருந்தேன். கேட்பதற்காக அம்மாவும் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

மார்க் போட வந்த சார், கையிலிருந்த டீயை மேசையில் சிந்தினார். என் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார்.

"சார், அது என்னோட பிரபஞ்சமுங்க!"

"பனியன் வேஸ்ட்டுதானே கண்ணு? உங்கம்மாகிட்டச் சொன்னா மூட்டையே வரும்" என்று சிரித்தார்.

"பரவால்லீங்க சார்" என்று அம்மாவும் சிரித்தாள். சாரைவிட அந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் அவளே சோப்புப் போட்டுத் துவைத்தாள். டீக்கறை போகவில்லை. புள்ளிகள் போய்விட்டன.

"உங்க கையிலயும் கிரீஸ் இருக்குதுங்க அக்கா" என்று மெக்கானிக் ஒரு துண்டுத் துணியை நீட்டினார்.

"வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த புதுச் சேலையிலேயே கையைத் துடைத்துக்கொண்டேன்.