கலையாத மடிப்பு

துணியைத் தொட்டாலே போதும், அது உடுத்த துணியா, உடுத்தாத துணியா என்று வன்னியராஜ் சொல்லிவிடுவார். இதில் பெருமையடிக்க ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தவன் கைக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? மலையாளச் சீமையில், ஸ்ரீவராகம் என்ற பகுதியில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் பின்வாசலில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி அவருடைய மேசை. மேலே தகரக் கூரை, கீழே ஒரு சாக்கு சிரட்டைக் கரி, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். மனைவி போய் நாலு வருஷம். சிவகாசியில் வாக்கப்பட்ட மகள் பூமாரி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, "சாப்ட்டீங்களாப்பா?" என்பாள். "சாப்ட்டேம்மா" என்பார். அந்த வாரத்துப் பேச்சு அதோடு தீர்ந்தது.

மிச்சப் பேச்சையெல்லாம் அவர் போனில்தான் பேசினார். அதுவும் யாரையும் கூப்பிட்டு அல்ல.

மூன்றாம் மாடியில் நீது என்று ஒரு நர்ஸ் குடியிருந்தாள். யூனிபார்முக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் கையிலிருக்கும் புத்தகத்தைப் படமெடுத்து எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். என்ன என்று கேட்டார். என்ன புத்தகம் படிக்கிறோம், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம், பிடித்ததா இல்லையா என்று ஊர் உலகத்துக்குச் சொல்கிற தளம் என்றாள். "சேட்டனும் வாயிக்குமல்லே? படிக்கிற ஆள்தானே, போனைத் தாங்க" என்று வாங்கி, அவருக்கும் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தாள். பெயர் என்ன போட என்று கேட்டபோது பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டிருந்தது. 'கங்கு' என்றார். ஆறு மாதத்தில் அவள் வேலை மாறிப் போய்விட்டாள். கங்கு தங்கிவிட்டது.

சாலைக் கடைவீதியில் பழைய பேப்பர் கடையில் எடுக்கும் தமிழ்ப் புத்தகங்கள் பாதிக்குமேல் அந்தத் தளத்தில் இருக்காது. நாமேதான் பெயர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை எல்லாம் பதிந்து, அட்டையைப் படமெடுத்துச் சேர்க்க வேண்டும். வன்னியராஜுக்கு இது சட்டையை மடித்து அடுக்குகிற மாதிரி பிடித்துப்போயிற்று. கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவனைப் பற்றிய பழைய நாவலை அப்படித்தான் சேர்த்தார். பக்கம் 212 என்று பதிந்தார். மறுநாள் 'ஜன்னல்' என்ற பெயரில் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "என் பிரதியில் 216 பக்கம் இருக்கிறது, சார். உங்களுடையதில் கடைசித் தாள்கள் கிழிந்திருக்கின்றனவா?"

கிழிந்துதான் இருந்தன. முடிவு தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். கிழிந்திருக்கிறது என்று பதில் போட்டார். அடுத்த நாள் பார்த்தால் ஜன்னல் அந்த நாலு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்து போட்டிருந்தார். யார் பெற்ற பிள்ளைக்கு யார் இவ்வளவு செய்வார்கள்? அன்றைக்கு வன்னியராஜ் இரண்டு சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். ஒருவர் ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் மற்றவரும் அதையே தேடிப் பிடித்துத் தொடங்குவார். கங்கு எழுபதாம் பக்கம், ஜன்னல் தொண்ணூறாம் பக்கம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண் என்பது மட்டும் இவருக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்து அந்த அம்மாள் இவரைக் கல்லூரி ஆசிரியர் என்று நினைத்தாள். "இல்லை அம்மா, இரும்பு சம்பந்தப்பட்ட வேலை" என்று எழுதினார். ஓகோ, இன்ஜினியர் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். பொய் சொல்லவில்லையே என்று இவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

இதற்கிடையில் நாலாம் மாடி சீதாலக்ஷ்மி அம்மாளின் சேலைகள் இவருக்கு எரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தன. இரண்டு நாளைக்கு ஒரு சேலை வரும். விரித்தால் போன வாரம் இவர் போட்ட மடிப்பே கலைந்திருக்காது. தோளில் ஏறாத சேலைக்கு எதற்கு இஸ்திரி? "ரிட்டயர்டு ஆனவங்களுக்குப் பொழுது போகலன்னா என் கைதான் கெடச்சுதா?" என்று படி பெருக்க வரும் ஷிஜாவிடம் பொருமுவார். "போட்டே அண்ணா, விடுங்க, பாவம், ஒத்தைக்கு இருக்காங்க" என்பாள் அவள்.

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம். சாம்பல் நிறத்தில் அரக்குக் கரை போட்ட அந்த அம்மாளின் சேலை மேசைமேல் கிடந்தது. பெட்டி சூடாகட்டும் என்று போனைத் திறந்தார். ஜன்னல் தனிச் செய்தியாக எழுதியிருந்தார்:

"நாம் இப்போது படிக்கிற இந்தக் கதையில் வருகிறவளைப் போல நானும் ஒரு திருட்டுத்தனம் செய்கிறேன், சார். உடுத்தாத புடவையை இஸ்திரிக்கு அனுப்புகிறேன். திரும்பக் கொண்டுவரும்போது காலிங்பெல் அடிக்குமே, அதற்காக. அரக்குக் கரை போட்ட சாம்பல் நிறப் புடவை மட்டும் இந்த மாதம் ஐந்து தடவை போய் வந்துவிட்டது. பையன் ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை கூப்பிடுகிறான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்."

வன்னியராஜ் சேலையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இவ்வளவு நாளும் வைத வசவெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "யாரிடமும் சொல்ல மாட்டேன் அம்மா" என்று மட்டும் எழுதினார்.

சொல்லவும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதா? அந்த அம்மாள் வெட்கத்தில் செத்துப்போவாள், சேலையும் வராது, எழுத்தும் வராது. இவருக்கும் இந்த ஊரில் இருக்கிற ஒரே துணை போய்விடும். அதனால் செய்ய முடிந்ததை மட்டும் செய்தார். ஒரு தடவை அடித்த பெல்லை இரண்டு தடவை அடித்தார். கொடுத்ததும் திரும்பி ஓடாமல், "மழ வரும்போல இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். "ஆமாம்பா, ஈரக்காத்தா அடிக்கறது" என்பாள் அவள். ஏழு மாதம் இப்படி ஓடியது. கீழே வந்து போனைத் திறந்தால் அதே மனுஷி இவரை 'சார்' என்று கூப்பிட்டுக் கதை பேசுவாள். அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னல் எழுதினார்: குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன், வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, புத்தகம் பிடிக்க முடியவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. பையனுக்குத் தெரிந்தால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவான்.

மறுநாள் காலை அந்தச் சாம்பல் நிறச் சேலையோடு மேலே போனார். கதவு திறந்தது. சீதாலக்ஷ்மி அம்மாள் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"நீங்க புடிக்காதீங்கம்மா, நான் உள்ள வச்சிடறேன். மணிக்கட்டு வீக்கத்துக்கு ஐஸ் வச்சீங்களா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவள் இவர் முகத்தையே பார்த்தாள்.

"வீங்கிருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"இல்லம்மா... பாத்தா தெரியுதுல்ல..." என்றார். முந்தானைக்குள் இருக்கும் கையை எப்படிப் பார்ப்பது? சேலையை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அரை மணி நேரத்தில் ஜன்னல் என்ற பெயர் தளத்தில் இல்லாமல் போயிற்று. அவள் எழுதிய பதில்கள் அத்தனையும் போயின. அந்த நாலு பக்கமும் போயிற்று.

பத்தொன்பது நாள் சேலை வரவில்லை. கை சரியாகிவிட்டது என்று ஷிஜா சொல்லித்தான் தெரிந்தது. இந்தப் பத்தொன்பது நாளில் அவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. யாரிடம் போய் எத்தனையாவது பக்கம் என்று சொல்வது? இருபதாம் நாள் அந்தக் கலங்கரை விளக்க நாவலை எடுத்துக்கொண்டு மேலே போய் பெல் அடித்தார்.

"இஸ்திரிக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாள் அவள், பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று.

"துணிக்கு வரலம்மா. இதுல கடைசி நாலு பக்கம் கெடயாது. நீங்க எழுதிப் போட்டதுதான் எனக்கு முடிவு. இப்ப அதும் இல்ல."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"அந்தச் சாம்பக் கலர் சேலையப் பத்தி எழுதுன அன்னையிலேர்ந்து."

"ஏழு மாசம்! அதனாலதான் ரெண்டு தடவை பெல் அடிச்சியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முகம் தெரியாத மனுஷர்னுதான் எல்லாத்தையும் கொட்டினேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "இனிமே தினம் உன் முகத்தைப் பாத்துண்டு எப்படி எழுதறது? சொல்லு."

"அந்த நாலு பக்கமாவது சொல்லுங்கம்மா" என்று கேட்டார்.

"மறந்துபோச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். மறந்திருக்காது என்று இருவருக்கும் தெரியும். லிப்ட் இருந்தும் வன்னியராஜ் நாலு மாடியும் நடந்தே இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி செத்த வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு வெறுமை அவருக்கு வந்ததில்லை.

மறுநாள் காலை கரியை ஊதிக்கொண்டிருந்தபோது ஷிஜா வந்து ஒரு சேலையை மேசையில் வைத்தாள்.

"நாலாம் மாடி அம்மா தந்தாங்க, கேட்டோ. அண்ணனே கொண்டாந்து தரணும்னு சொன்னாங்க."

சாம்பல் நிறம், அரக்குக் கரை. தொட்ட உடனே தெரிந்தது. தை மாதம் வாசல் நாற்காலியில் அவர் வைத்துவிட்டு வந்த அதே மடிப்பு, ஒரு இழை கலையாமல் இருந்தது.

வன்னியராஜ் அதை முழுக்க விரித்தார். சொம்பிலிருந்து தண்ணீர் தெளித்து, ஏற்கெனவே தேய்த்திருந்த சேலையை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.