மைக்செட் அக்காவும் மூன்று ஸ்பீக்கர்களும்

தையல் ஆலையில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். நூற்றிருபது மெஷின்கள் கடகடக்கும் கூடத்தில் அந்தக் கோடியில் இருப்பவளிடம் "காலர் கோணலா போகுது பாரு!" என்று சொல்ல வேண்டுமானால் வேறு என்ன வழி? பதினேழு வருஷம் அப்படிக் கத்தியவள், வீட்டுக்கு வந்ததும் குரலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா? வீடோ மூன்று அடுக்கு. கீழே சமையலறையில் நின்று "சாப்பிட வாங்க!" என்றால் நாலாவது வீட்டுக்காரரும் கை கழுவப் போவார்.

அந்தக் குரல் ஒருநாள் கட்டிக்கொண்டது. வெந்நீருக்கும் மசியவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மண்வெட்டி பிடித்த கையில் விழுகிற மாதிரி குரல்நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மூன்று மாதம் கத்தக் கூடாது. மெதுவாகப் பேசலாம். மீறினால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் பழைய குரலுக்கு உத்தரவாதம் இல்லை.

ஆலையில் அவளைத் துணி எண்ணி அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். குரல் திரும்பாவிட்டால் சூப்பர்வைசர் வேலை அம்போ. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, வெளியே சொல்ல அவளுக்கு வெட்கம். கத்தாவிட்டால் இந்த வீட்டில் தன் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்?

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பவர். அவர் ஒரு சாயங்காலம் ஸ்பீக்கர் மாட்டுகிற ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். அறைக்கு ஒரு ஸ்பீக்கர், ஒயர் கிடையாது. போனில் போட்டால் வீடு முழுக்க ஒரே பாட்டு. பொத்தானைத் தட்டிப் பேசினால் பேச்சும் அப்படியே போகும்.

வந்தவர் அறை அறையாக நடந்து பார்த்து, ஏழு வேண்டும் என்றார். ஒன்றின் விலை அவளுடைய பன்னிரண்டு நாள் சம்பளம். சுவர் தடிமனாக இருந்ததால் மாடிக்கு வைஃபை எட்ட ஒரு பெட்டி தனி. பிளக் பாயின்ட் வேறு புதிதாகப் போட வேண்டுமாம்.

"ஒயரே இல்லைன்னீங்க. பிளக் பாயின்ட் எதுக்கு?"

அவர் ஸ்பீக்கரைத் திருப்பிக் காட்டினார். "பாட்டுக்குத்தான்க்கா ஒயர் இல்ல. கரண்டுக்கு வேணுமே."

"அப்ப ஒயர்லெஸ்ஸுக்கும் வால் உண்டுன்னு சொல்லுங்க" என்று பென்சிலை வாங்கி, அவர் எழுதிய பட்டியலில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள். குளியலறை வேண்டாம், அங்கே மாமனாரே பாடுவார். படிக்கட்டு யார் பேச்சைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? படுக்கையறையில் தூங்குகிறவர்கள் தூங்கட்டும். சமையலறையையும் அடித்தாள். "அங்கதான் நானே இருக்கேனே!"

மிஞ்சியது மூன்று. கீழே மாமனார் அறை, நடு மாடியில் கணவர் அறை, மேல் மாடியில் கல்லூரிப் புத்தகங்களோடு மகள். அதற்கே ஒன்றரை மாதச் சம்பளம் ஆயிற்று. பழைய பைக் ஒன்று வாங்கச் சேர்த்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, கணவர் பேசாமல் பஸ்ஸிலேயே போனார். கைக்காசைக் கரியாக்கிவிட்டார் என்று அவள் ஒரு வாரம் திட்டினாள், மெதுவாகத்தான்.

முதல் நாள் பொத்தானைத் தட்டியதும் பழக்க தோஷம், தொண்டையை இறுக்கிக்கொண்டு கூவிவிட்டாள். மாமனார் கையிலிருந்த பேப்பர் பறந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, நீ கத்தாத! உனக்காக அது கத்திக்கும்."

மூன்றாம் நாள் பிடிபட்டது. "சாப்பிட வாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். மூன்று பேரும் வந்தார்கள். பத்து வருஷமாகக் காது மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமனார்தான் முதலில் வந்தார். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலங்களில் மகள் போடும் பாட்டு மூன்று அறையிலிருந்தும் சேர்ந்து படியிறங்கி வர, பாத்திரம் தேய்க்கிற கையோடு இடுப்பும் ஆடியது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்த டாக்டர், காய்ப்பு கரைந்துவிட்டது, பழைய வேலைக்கே போகலாம், கையில் ஒரு மைக் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். செய்தி கேட்டு அவளுடன் பிறந்த அக்கா ஓடி வந்தாள். அப்போதுதான் வீட்டைத் துடைத்திருந்த மைக்செட், பொத்தானைத் தட்டி, "தரை ஈரமா இருக்கு. காயற வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு ரூமுக்குள்ளயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனைச் சமையலறை அலமாரியில் வைத்தாள். நிறுத்த இன்னொரு முறை தட்ட வேண்டும். தட்டவில்லை.

"குரல்தான் வந்துடுச்சே. இனிமே பழையபடி கத்துவியா?" என்றாள் அக்கா.

கத்தினால்தான் சுவரைத் தாண்டும், மெதுவாகச் சொன்னால் இருவருக்குள் நிற்கும். பதினேழு வருஷத்தில் அவள் கற்றது அது. அதை நம்பித்தான் குரலைத் தாழ்த்தினாள்.

"மாட்டேன்க்கா. என் சத்தத்துக்குப் பயந்துதான் எல்லாரும் வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். என் பேச்சு கேக்கணும்னு ஒரு மனுஷன் பைக் வாங்கற ஆசையையே விட்டாரு பாரு, அன்னிக்கு உள்ளுக்குள்ள அழுதுட்டேன். வெளியே திட்டினேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்கள ரொம்பப் பிடிக்கும்னு அவர்கிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. இதெல்லாம் கத்திச் சொல்ற விஷயமா? மெதுவாப் பேச எனக்கு அப்பத் தெரியாதே."

அக்காவின் பார்வை சமையலறை வாசல் பக்கம் போயிருந்தது. துடைத்த தரையில் மூன்று ஜோடிக் கால் தடம். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வாயைப் பொத்தியிருந்தாள். நடுவில் கணவர்.

அலமாரியில் போன் சிவப்பாக மின்னியது. மைக்செட்டின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

"தரை ஈரம்னு சொன்னேன்ல?" என்றாள்.

"அது நல்லாக் கேட்டுச்சு" என்றார் கணவர். "அதுக்கப்புறம் சொன்னதுதான் நடு மாடில சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லேன்."

அவள் சொன்னாள். ஈரத் தரையில் நின்றபடியே எல்லோரும் கேட்டார்கள்.