சந்திரகிரியில் இறங்கிக்கொள்கிறேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு என்னுடையது. முன்னால் சொல்லவேண்டியது பின்னால் வரும், சிலது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகன் கொடுத்த போனில் படம் எடுப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். மனுஷரை எடுக்க வெட்கம். ‘இப்படித் திரும்புங்க’ என்று சொல்ல வாய் வராது. மலைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், அது பாட்டுக்கு நிற்கும்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் சந்திரகிரி வந்தால் மலை தெரியும். ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் பார்க்கவேண்டும். பாறையெல்லாம் கழுவி விட்டதுபோல் சிவந்திருக்கும், இடுப்பில் மேகம் சுற்றியிருக்கும். எத்தனையோ தடவை பஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டேன். போகும்போது எடுத்ததில் ஜன்னல் கம்பி, வரும்போது எடுத்ததில் முன்சீட்டுக்காரரின் மொட்டைத்தலை.

இந்த ஐப்பசிக்காவது இறங்கி நின்று எடுக்க ஆசை. தனியாகப் போய்ப் பழக்கமில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் பெண்ணின் மாமியாரைக் கேட்டேன். நாங்கள் ஒருவரையொருவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம்.

“சந்திரகிரி வரைக்கும் போய் வரலாமா அண்ணி?”

“போலாமே! அப்படியே மேல போயி சாமியப் பாத்துகினு வந்துர்லாம்.”

அவ்வளவுதான். மறுநாள் எங்கள் பேரனுக்கு மொட்டை போடுவதும் சேர்ந்தது. அடுத்து அவருடைய நாத்தனார் குடும்பம். அப்புறம் வேன். எங்கள் ஊரில் அந்தப் பக்கம் போகிறேன் என்றால் கோயிலுக்குத்தான். மலையைப் பார்க்க யார் போகிறார்கள்? தரிசன வரிசையில் நின்றால் பொழுது போய்விடும், போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். என் மலை இந்த வருஷமும் போச்சு. சாமி விஷயத்தில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேனில் யார் எங்கே உட்காருவது என்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்தது.

“அண்ணிக்கு ஜன்னல் ஓரம் குடுத்துருங்க. படம் புடிச்சிகினே வருவாங்க” என்றார் அண்ணி, பிரியமாக.

மறுபடியும் ஜன்னலா! எங்கிருந்து தைரியம் வந்ததோ, “நான் சந்திரகிரியில எறங்கிக்கிறேன்” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“மலைய எடுக்க. நீங்கெல்லாம் மேல போயிட்டு வாங்க.”

“நல்லா கீதே! அவ்ளோ தூரம் வந்துட்டு சாமியப் பாக்காம இருப்பாங்களா யாராச்சும்?” என்றார் நாத்தனார். எனக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நானும் இவங்க கூடவே எறங்கிக்கிறேன். போன தபா வரிசையில நின்னு வீங்கின முட்டி இன்னும் வடியல. எங்க ரெண்டு பேருக்குப் புளிசோறு தனியா கட்டிருங்க” என்றார்.

“முன்னாடியே சொல்லக்கூடாதா அண்ணி?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நானா? சாமி பாக்க வரலன்னு சொன்னா உங்க பொண்ணு என்னை சும்மா வுடுவாளா?”

வேன் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பு இப்போது என் தலையில். பாறைமேல் நல்ல வெயில் காலையில் விழுமா, சாயங்காலமா? பஸ் வேகத்தில் கவனித்ததில்லை. மலையடியில் நின்று எடுக்க அங்கிருக்கும் பழைய கோட்டைக்குள் போகவேண்டுமாம். வெள்ளிக்கிழமை அது மூடியிருக்கும் என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் இன்னொருவர். சந்திரகிரிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதையெல்லாம் சரிபார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.